செல்ஃப் எடுக்காம டிக்குன்னு மட்டும் சத்தம் வருதா? பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

கார்ல சாவிய திருகுனா டிக்குன்னு ஒரு சத்தம், அதோட சரி, வண்டி எடுக்கல. உடனே பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் சொல்றது "பேட்டரி போச்சு". நானும் அப்படி நம்பித்தான் ஒரு தடவை ஏமாந்தேன். பக்கத்து வண்டி பேட்டரில இருந்து கேபிள் போட்டு ஜம்ப் பண்ணேன், உடனே ஸ்டார்ட் ஆச்சு, அப்போ பேட்டரியேதான்னு முடிவு பண்ணி புதுசு வாங்கி மாட்டுனேன், மறுநாள் காலைல அதே டிக்! ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல சத்தத்த நல்லா கேளுங்க. டிக்டிக்டிக்டிக்னு வேகமா அடிச்சா ஒரு கதை, ஒரே ஒரு தடவை டக்குன்னு கேட்டு அடங்கிட்டா வேற கதை.

செல்ஃப் மோட்டாரோட ஒட்டிக்கிட்டு சின்னதா ஒரு உருளை இருக்கும், அதுதான் சொலினாய்டு. அது இழுக்க கொஞ்சம் கரண்ட் போதும், ஆனா அது இழுத்து மோட்டாருக்கு லைன் குடுத்ததும் மோட்டார் 100, 200 ஆம்பியர்னு கேக்கும், டீசல் வண்டின்னா இன்னும் ஜாஸ்தி. பேட்டரியால அவ்ளோ குடுக்க முடியலன்னா வோல்டேஜ் பொசுக்குன்னு விழுந்துடும், சொலினாய்டு பிடிய விட்டுடும், விட்டதும் வோல்டேஜ் ஏறும், திரும்ப இழுக்கும், திரும்ப விடும்... அந்த டிக்டிக் இதுதான். அதனால வேகமா அடிச்சா பேட்டரில சார்ஜ் இல்ல, இல்லன்னா வழியில எங்கயோ காண்டாக்ட் சரியில்ல. ஒத்தை டக்னா சொலினாய்டு இழுத்துடுச்சு, மோட்டார் சுத்தல, செல்ஃப் மோட்டார் மேல சந்தேகம் போகலாம். ஆனா மோசமான எர்த்தும் (பேட்டரி நெகட்டிவ்வ பாடியோடவும் இன்ஜினோடவும் சேர்க்குற இணைப்பு) இப்படி சத்தம் குடுக்கும், அதனால அவசரப்பட்டு மோட்டார கழட்டாதீங்க.

அடுத்து ஹெட்லைட்ட போட்டுட்டு சாவிய திருகுங்க. லைட் அப்படியே மங்கி அணையுற மாதிரி போனா கோளாறு பேட்டரில, இல்லன்னா டெர்மினல்ல (பேட்டரில கேபிள் மாட்டுற முனை). கொஞ்சம் கூட மங்காம பளிச்சுன்னு எரிஞ்சா மோட்டாருக்கு கரண்டே போகலன்னு அர்த்தம், சொலினாய்டு, செல்ஃப் மோட்டார், அதுக்குப் போற வயர், எர்த், இதுல ஒண்ணு.

இப்போ பானெட்ட தொறங்க. டெர்மினல் கிளாம்ப கையால பிடிச்சு திருகிப் பாருங்க, அது ஒரு நூல் அசைஞ்சா கூட தப்புதான். வெள்ளையாவோ பச்சையாவோ பொடி பூத்திருந்தா கழட்டி சுத்தம் பண்ணணும். நிறைய வண்டில 10 நம்பர் ஸ்பேனர் போதும். கழட்டும்போது முதல்ல நெகட்டிவ், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி, இத மாத்தி பண்ணி ஸ்பேனர் பாடில பட்டா பொறி பறக்கும். கைல மோதிரம், வளையல் இருந்தா கழட்டிடுங்க. சமையல் சோடாவ சுடுதண்ணில கரைச்சு பழைய பல்தேய்க்கிற பிரஷ்ஷால தேச்சா நுரைச்சுக்கிட்டு வந்துடும், அப்புறம் காயவச்சு, கிளாம்ப்போட உள்பக்கத்த உப்புத்தாள் வச்சு தேய்ங்க. வெளிய பளபளன்னு இருந்து உள்ள கருப்பா படிஞ்சிருக்கும், கோளாறு இருக்குறது அங்கதான்.

மல்டிமீட்டர் இருந்தா இன்னும் சுலபம். ராத்திரி பூரா நின்ன வண்டில 12.6 வோல்ட் காட்டுனா ஃபுல், 12.2 பாதி, 12க்கு கீழ போனா கிட்டத்தட்ட காலி. ஆனா சும்மா இருக்கும்போது 12.6 காட்டுதுன்னு நம்பிடாதீங்க, ஒருத்தர சாவி திருக சொல்லிட்டு மீட்டர பாருங்க, அப்போ 9.6க்கு கீழ விழுந்தா பேட்டரி தாங்கல, சார்ஜ் பண்ணியும் அப்படியே விழுந்தா மாத்த வேண்டியதுதான்.

இப்போ என் கதைக்கு வரேன். என் வண்டில கெட்டுப் போனது பேட்டரி இல்ல, இன்ஜின்ல இருந்து பாடிக்குப் போற எர்த் கேபிள். போல்டுக்கு அடில துரு. ஜம்ப் பண்ணும்போது கடைசி கருப்பு கிளிப்ப இன்ஜின் இரும்புல மாட்டுறோம்ல (பேட்டரிலயே மாட்டுனா பொறில அதுல இருந்து வர்ற ஹைட்ரஜன் பத்திக்கலாம், அதுக்குத்தான்), அப்போ கரண்ட் அந்த துருப்பிடிச்ச கேபிள சுத்தி வேற வழில போயிடுச்சு, வண்டியும் எடுத்துடுச்சு. அதப் பாத்து பேட்டரி மேல பழிய போட்டேன். இதக் கண்டுபிடிக்க ஒரே ஒரு ஜம்ப் கேபிள் போதும்: ஒரு முனை உங்க பேட்டரி நெகட்டிவ்ல, மறுமுனை பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்புல. இப்போ சாவி திருகுனா ஸ்டார்ட் ஆகுதா? அப்போ எர்த்துதான், போல்ட்ட கழட்டி அடில தேச்சு இறுக்குங்க. மீட்டர் வச்சும் பாக்கலாம், நெகட்டிவ் முனைக்கும் இன்ஜினுக்கும் நடுவுல, சாவி திருகும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது.

இவ்ளோ பாத்தும் ஒத்தை டக் தொடர்ந்தா செல்ஃப் மோட்டார்தான். மேல இருந்தே கை எட்டுற இடம்னா, கியர் நியூட்ரல்ல, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருத்தர் சாவிய திருகும்போது மோட்டார் உடம்புல மரக்கட்டையால லேசா தட்டுங்க, மோட்டாருக்குள்ள கரண்ட கடத்துற தேஞ்ச கார்பன் பிரஷ் ஒரு நிமிஷம் ஒட்டிக்கும், வண்டி எடுக்கும். ஜாக் மட்டும் வச்சுட்டு அடில படுத்து இத செய்யாதீங்க. எடுத்தா நேரா மெக்கானிக்கிட்ட ஓட்டிட்டுப் போங்க, வழியில ஆஃப் பண்ணா அங்கயே நிக்கணும். மேனுவல் வண்டின்னா செகண்ட் கியர்ல தள்ளி எடுக்கலாம், ஆட்டோமேட்டிக்ல அது நடக்காது.

ஒருவழியா ஸ்டார்ட் ஆனதும் ஆஃப் பண்ணாம பேட்டரில மீட்டர் வைங்க. பெரும்பாலான வண்டில 13.8ல இருந்து 14.5 வரைக்கும் காட்டணும். 12லயே நின்னு இறங்கிக்கிட்டே வந்தா ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்றது) சார்ஜ் பண்ணல, முதல்ல பெல்ட் லூசா, அறுந்துருக்கான்னு பாருங்க.