அப்பாவின் கடன் நோட்டிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் அன்று சாயங்காலத்துக்குள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் ஏறிவிடும், 'பாசத்தின் சிகரமே, உழைப்பின் உருவமே' என்று. போட்டோவை மட்டும் மாற்றினால் அடுத்த தெருக்காரருக்கும் அதே ஃபிளெக்ஸ் பொருந்தும். பாம்பனில் கயிறும் வலையும் விற்ற என் அப்பாவுக்கு வருஷத் திதி வந்தபோது எட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன நினைவுப் புத்தகம் போடலாம் என்று உட்கார்ந்தேன், ஒரு வாரமாக எனக்கும் 'கடின உழைப்பாளி'யைத் தாண்டி ஒரு வரி வரவில்லை. அப்புறம் வந்த வழியைச் சொல்கிறேன்.

முதல் வேலை, கடையின் பழைய நோட்டுகளைக் காப்பாற்றுவது. கருமாதி முடிந்த கையோடு வீட்டை ஒதுங்கவைக்கிறேன் என்று யாராவது கிளம்பி எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுவார்கள். பற்று வரவு நோட்டைத் தேதி வாரியாகப் புரட்டுங்கள். எங்கள் கடை நோட்டில் ஏப்ரல் 15 தாண்டினால் பற்றுதான், வரவு கிடையாது. மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். மராமத்து பார்ப்பதும் கயிறு மாற்றுவதும் அப்போதுதான், கையில் காசு இல்லாததும் அப்போதுதான். படகு மறுபடி கடலுக்குப் போனால்தான் வரவுப் பக்கம் நிரம்பும். 2017-இல் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளாகி, மே கடைசியில் முடிந்தது ஜூன் 14 வரை இழுத்தது. அந்த வருஷம் பற்று நீண்டுகொண்டே போகிறது, நடுவில் தம்பியின் காலேஜ் ஃபீஸும் ஒரு வரியாக நிற்கிறது. 'உழைப்பாளி' என்பதை அடித்துவிட்டு இதை எழுதினேன். ஆனால் கடன்காரர்கள் பெயரை அச்சில் ஏற்றாதீர்கள், கடனை அடைத்துவிட்டவர்கள் பெயரையும் ஏற்றாதீர்கள்.

அடுத்து ஆட்களைக் கேளுங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "எங்க கடையில முதல்ல என்ன வாங்குனீங்க, காசுக்கா கடனுக்கா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டதில்தான் ஒரு சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, சொன்னார், அப்பா கயிற்றின் பிரியைத் திருகிப் பார்த்துவிட்டு, "இது வேணாம்ணே, கச்சான் காத்துக்குத் தாங்காது, அடுத்த லோடு வரட்டும்" என்று கையிலிருந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பியதை. அவரிடம் சொல்லிவிட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் கடற்கரையில் உட்கார்ந்து வேண்டாம், காற்றுச் சத்தம்தான் மிஞ்சும்.

வருஷம் யாருக்கும் நினைவிருக்காது. ஊர் மறக்காத ஒன்றோடு சேர்த்துக் கேட்டால் கிடைக்கும்: 1964 புயலுக்கு முன்னா பின்னா, சுனாமி வந்தப்பவா, நோட்டு செல்லாமல் போனப்பவா. கடை தொடங்கிய வருஷம் எங்களுக்குச் சிக்கியது இப்படித்தான். சரக்கு ரயிலில் வந்து இறங்கியது என்று அத்தை சொன்னார், அப்படியென்றால் 1988-இல் எங்கள் தீவுக்கு ரோட்டுப் பாலம் திறப்பதற்கு முன். பெரியக்கா அப்போது கைக்குழந்தை. போதாதா?

அம்மாவை நான் கடைசியாகக் கேட்டேன், அது தப்பு. எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டினேன், காலேஜ் ஃபீஸ் வரி வந்ததும், "அது என் கையெழுத்துடா" என்றார். மத்தியானம் அப்பா தூங்கும்போது கல்லாவில் அம்மாதான். மறுபடி நோட்டைப் பார்த்தேன், குறுக்குக் கோடு போட்ட ஏழு எல்லாம் அம்மாவுடையது, ஏறக்குறைய பாதி நோட்டு. மூன்று பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

கோபத்தையும் எழுதுங்கள். அப்பா எங்கள் பள்ளி ஆண்டு விழா ஒன்றுக்கும் வந்ததில்லை, கடையை அடைக்க மனசு வராது. அதைப் போடாதே என்று சித்தப்பா சண்டைக்கு வந்தார். நான் எடுக்கவில்லை.

அச்சு வேலை சுலபம். இரண்டு ஏ4 தாளை மடித்துப் பின் அடித்தால் எட்டுப் பக்கம். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வாசிக்கப்போகிறவர்களுக்கு வயசாகிவிட்டது. ஸ்டுடியோ படத்தைவிட, கல்லாவில் பனியனோடு இருக்கிற படம் நல்லது. சொந்தக்காரர்களோடு நிறுத்தாமல் லோடு இறக்கியவர்களுக்கும் டீக்கடைக்கும் கொடுங்கள்.

கடைசிப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். நான் விடவில்லை. அந்தச் சம்மாட்டி பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மறுநாளே வந்து, "அது கச்சானுக்கு இல்லப்பா, வாடைக்கு" என்றார். இப்போது ஒவ்வொரு பிரதியிலும் பேனாவால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.