இடைக்கால நைட் காதல் நாவல் எழுதத் தொடங்குபவர்களுக்கு: முதலில் ஆண்டு, பிறகு சட்டம், அதன்பிறகு காதல்

கவசம் அணிந்த நைட் (இடைக்கால ஐரோப்பாவின் குதிரைவீரன்), கற்கோட்டை, சாளரத்தில் நிற்கும் சீமாட்டி. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுத உட்காருபவர்களின் கதை பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயத்தில் படுத்துவிடுகிறது. இருவரும் பார்த்தாயிற்று, பிடித்துப்போயிற்று, இனி அவர்களைத் தடுக்க என்ன இருக்கிறது? எதுவும் இல்லாததால் ஒரு திருட்டுக் கடிதமோ, பொறாமைக்கார உறவுப் பெண்ணோ உள்ளே வருகிறாள். வாசகருக்குச் சலிப்பு தட்டுகிறது.

இந்த வகை நாவலுக்கு இத்தனை வாசகர்கள் இருப்பதற்குக் காரணம், அதில் வரும் இருவருமே கட்டுண்டவர்கள் என்பதுதான். அவன் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டவன். அவள் யாரை மணக்க வேண்டும் என்பது அவள் கையில் இல்லை. அந்தக் கட்டு எவ்வளவு இறுக்கமோ, ஒரு கைபடுதல் அவ்வளவு பெரிதாகத் தெரியும். ஆகவே கட்டை முதலில் போடுவோம்.

1. ஆண்டைப் பிடியுங்கள்

"இடைக்காலம்" என்பது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. 1190இல் நைட் அணிந்தது இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசம். உடல் முழுவதையும் மூடும் பளபளப்பான தகட்டுக் கவசம் 15ஆம் நூற்றாண்டுக்குரியது. இரண்டையும் ஒரே கதையில் கலந்தால், விஷயம் தெரிந்த வாசகர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

புதிதாக எழுதுபவர்களுக்கு 1193, 1194ஆம் ஆண்டுகளின் இங்கிலாந்து நல்ல களம். சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் மன்னர் ரிச்சர்ட் 1192 டிசம்பரில் பிடிபட்டார். அவரை மீட்க 1,50,000 மார்க் (அன்றைய பணக் கணக்கு; ஒரு மார்க் 160 பென்னி) கேட்டார்கள். அதற்காக நாட்டில் வருமானத்திலும் உடைமைகளிலும் நான்கில் ஒரு பங்கு வரியாக விதிக்கப்பட்டது. 1194 பிப்ரவரியில் விடுதலை. இந்த இடைவெளியில் மன்னர் இல்லை, பணமும் இல்லை, யார் பக்கம் நிற்பது என்று எல்லோருக்கும் குழப்பம். ஒரு கோட்டையில் யாரோ ஒருவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்படுவதற்குத் தனியாகக் காரணம் கற்பிக்க வேண்டியதில்லை.

நோட்டுப் புத்தகத்தில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: ஆண்டு, மாதம், அரசர் எங்கே இருக்கிறார். மாதமும் முக்கியம். பிப்ரவரியில் சேற்றுப் பாதை, சீக்கிரம் விழும் இருட்டு. ஆகஸ்டில் அறுவடை, எல்லா ஆட்களும் வயலில்.

2. தடையைச் சட்டத்திலிருந்து எடுங்கள்

நிலமுள்ள விதவையின் மறுமணம் அன்று பணமாக மாற்றக்கூடிய உரிமை. மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், அவருடைய விதவையை யாருக்குக் கட்டிவைப்பது என்பதை மன்னர் தீர்மானிக்கலாம், அல்லது அந்த உரிமையை விற்கலாம். 1185இல் இப்படி மன்னரின் பிடியில் இருந்த விதவைகளையும் பிள்ளைகளையும் பன்னிரண்டு மாவட்டங்களில் கணக்கெடுத்தார்கள். பெண்ணின் வயது, பிள்ளைகள் எத்தனை, நிலத்தின் மதிப்பு என்ன, அதில் எத்தனை ஆடு என்று பட்டியல் போகிறது. உங்கள் கதாநாயகியை அந்தப் பட்டியலில் ஒரு வரியாக எழுதிப் பாருங்கள். அவளுடைய கோபம் தானாக வந்துவிடும்.

கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு ஆயுள்வரை உண்டு. கட்டாய மறுமணத்திலிருந்து தப்பிக்க மன்னருக்குப் பணம் கட்டலாம். பல பெண்கள் கட்டியிருக்கிறார்கள். அனுமதியின்றி மணந்தால் நிலம் பறிபோகும் ஆபத்து. விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற விதி மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215இன் மாக்னா கார்ட்டா சாசனத்தில்தான் உறுதியாகிறது. உங்கள் கதை 1193 என்றால் அந்தப் பாதுகாப்பு அவளுக்குக் கிடையாது.

ஆனால் அதே காலத்தில் திருச்சபை வேறொன்று சொன்னது. 1159 முதல் 1181 வரை போப்பாக இருந்த மூன்றாம் அலெக்சாண்டர் நிலைநாட்டிய கொள்கைப்படி, இருவரும் மனமொப்பி நிகழ்காலத்தில் வார்த்தை சொன்னாலே திருமணம் செல்லும். பாதிரியார் வேண்டியதில்லை, சாட்சிகூட வேண்டியதில்லை. "உன்னைக் கணவனாக ஏற்கிறேன்" என்றால் அந்த நொடியே திருமணம். "ஏற்பேன்" என்றால் அது நிச்சயம் மட்டும். ஒரு வினைமுற்றின் காலம் ஒரு பெண்ணின் நிலத்தையும் வாழ்க்கையையும் தீர்மானிக்கிறது. தமிழில் எழுதுபவருக்கு இது பெரிய வரம், ஏனென்றால் நம் மொழியில் அந்த வேறுபாடு ஒரே சொல்லின் வாலில் இருக்கிறது. உச்சக் காட்சிக்கு வாள்சண்டையைவிட இதுவே பலமானது.

3. இருவரையும் எதிரெதிர்க் கட்டுகளில் நிறுத்துங்கள்

பயிற்சிக்கு ஒரு மாதிரி. அவள் வயது 24, விதவை. அவளை மணக்கும் உரிமையை அண்டை நிலப்பிரபு விலைக்கு வாங்கியிருக்கிறார். அவன் வயது 27, மூன்றாவது மகன், நிலமில்லாதவன். அவள் ஓடிவிடாமல் கோட்டையைக் காக்க அதே பிரபு அனுப்பிய நைட். அவளைக் காதலித்தால் தன் பிரபுவுக்குச் செய்த சத்தியம் உடையும். பிறகு அவனை வேலைக்கு வைக்க யாரும் முன்வரமாட்டார்கள். அவனிடம் இருக்கும் ஒரே சொத்து அவன் சொல்தான்.

நிலமில்லாத இளைய மகன் என்ற பாத்திரம் வெறும் கற்பனை இல்லை. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நைட் வில்லியம் மார்ஷல் அப்படிப்பட்டவர். டோர்னமென்ட்களில், அதாவது நைட்டுகள் மோதும் போர்ப் போட்டிகளில், எதிரிகளைப் பிடித்து, குதிரையையும் கவசத்தையும் மீட்புப் பணத்தையும் பெற்றுப் பிழைத்தார். ஒரு கூட்டாளியோடு சேர்ந்து பத்து மாதத்தில் 103 நைட்டுகளைப் பிடித்தார் என்று அவரைப் பற்றிய பழைய பிரெஞ்சுக் கவிதை சொல்கிறது. 1189இல், நாற்பதைத் தாண்டிய வயதில், பெரும் நிலவுரிமை கொண்ட இஸபெல் த கிளேரை மணந்தார். அவளுக்கு அப்போது பதினேழு வயதையொட்டி இருக்கும். அந்தத் திருமணமும் மன்னர் கொடுத்ததுதான்.

அதே கவிதையில் வரும் ஒரு காட்சியைக் காதல் நாவல் எழுதுபவர்கள் மறக்கக்கூடாது. ஒரு டோர்னமென்ட் முடிந்து பரிசு கொடுக்க மார்ஷலைத் தேடுகிறார்கள். ஆள் கொல்லன் பட்டறையில் இருக்கிறார். அடி வாங்கி நசுங்கிய தலைக்கவசம் கழலவில்லை. பட்டடைக் கல்லில் தலையை வைத்துக் குனிந்திருக்க, கொல்லன் சுத்தியலும் குறடுமாக அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். அன்றைய வெற்றியாளர் மார்ஷல்தான். வாசகர் நைட்டிடம் மனதைக் கொடுப்பது இப்படிப்பட்ட இடத்தில். களத்தில் விழாத ஆள், இன்னொருவர் கை இல்லாமல் தன் தலையைக்கூட வெளியே எடுக்க முடியாமல் இருக்கிறான்.

4. கவசம் கழற்றும் காட்சியை எழுதுங்கள்

முதல் அத்தியாயத்துக்கு இதுவே போதும். வீட்டுப் பெண்கள் வந்த நைட்டின் கவசத்தைக் கழற்ற உதவுவது 12ஆம் நூற்றாண்டுக் காதல் காவியங்களிலேயே வரும் வழக்கம். ஆகவே அவனுடைய ஸ்கொயருக்கு (நைட்டின் உதவியாளனான இளைஞனுக்கு) கையில் அடிபட்டிருக்கிறது என்று வைத்துவிட்டால், அவள் அருகில் வரலாம், யாரும் தவறாகப் பேச முடியாது.

வரிசை தப்பக்கூடாது. கேடயத்தின் தோள்வார், தலைக்கவசம், வாள்கச்சை. அந்தக் காலத்து வாள்கச்சைக்குப் பெரும்பாலும் கொக்கி இருக்காது. தோலின் முனையைக் கீறி, மறுமுனைத் துளைகளில் நுழைத்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். மழையில் நனைந்த தோல் முடிச்சை அவிழ்க்க நேரமாகும். அந்த நேரம் உங்களுடையது, உரையாடலை அங்கே வையுங்கள். பிறகு கை. சங்கிலிக் கையுறை சட்டையோடு சேர்ந்தே இருக்கும், உள்ளங்கையில் ஒரு பிளவு. அதன் வழியாக விரல்களை வெளியே எடுப்பான். அடுத்து, தாடையை மூடும் சங்கிலி மடிப்பு. அது நெற்றிப்பொட்டின் பக்கம் கயிறால் கட்டியிருக்கும். அதை அவிழ்க்க அவள் முகத்தருகே வந்தே ஆக வேண்டும். தலைமூடியைப் பின்னால் தள்ளினால் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த குல்லாய். குல்லாயிலிருந்து வெளியே வந்த முடி வளையங்களில் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் வலிக்கும், ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

கடைசியாகச் சட்டை. பத்து முதல் பதினான்கு கிலோ. நின்றபடி தலைக்கு மேலே தூக்கிக் கழற்ற முடியாது. அவன் இடுப்பை வளைத்து, தலையையும் இரு கைகளையும் தரையை நோக்கித் தொங்கவிட்டுக் குனிய வேண்டும். அவள் கீழ்விளிம்பைப் பிடித்து முதுகுக்கு மேலே தள்ளினால், பாதிவரை வந்ததும் மீதி தன் எடையிலேயே சரசரவென்று வழிந்து தரையில் குவியும். அந்தச் சத்தத்தை எழுதுங்கள். நிமிர்ந்ததும் வியர்வையில் ஊறிய மெத்தைச் சட்டை, கழுத்தில் எண்ணெயும் இரும்பும் கலந்த கறுப்புக் கோடு. எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும், அந்தக் குனிதலில் பிடரி திறந்துதான் கிடக்கும். அவளைக் காவலில் வைக்க வந்தவன் பிடரியை அவளிடமே காட்டி நிற்கிறான். இதைச் சொல்லில் விளக்க வேண்டாம், செய்கையே சொல்லும்.

இங்கே தொடக்கக்காரர்கள் செய்யும் தவறு, கவசத்தை ஒரே வாக்கியத்தில் கழற்றிவிட்டு மார்பை வர்ணிக்கப் போவது. நீளம் முடிச்சுகளுக்கு, மார்புக்கு ஒரு வரி போதும்.

5. தனிமை எங்கே கிடைக்கும் என்று வரைபடம் போடுங்கள்

பெருங்கூடத்தில் வேலைக்காரர்களும் வீரர்களும் சாப்பிடுவார்கள், அங்கேயே தூங்குவார்கள். சீமாட்டியின் அறையில் பணிப்பெண்கள் படுப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இருவர் பேச இடமே கிடையாது. மீதமிருப்பது சாளர மாடம். ரோச்சஸ்டர் கோட்டையின் பெருங்கோபுரச் சுவர் அடியில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் தடிமன். அப்படிப்பட்ட சுவருக்குள் குடைந்த சாளரத்தில் இருவர் எதிரெதிரே உட்காரலாம்; கூடத்தில் உள்ளவர்கள் பார்க்கலாம், பேச்சு கேட்காது. எல்லோர் கண்ணெதிரிலும் ரகசியம் பேசும் இடம் அது. இன்னும் இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆராதனை முடிந்த தேவாலயம், குதிரைலாயம்.

6. "நீங்கள்" எப்போது "நீ" ஆகிறது?

பிரான்ஸிலிருந்து வந்த நார்மன் வம்சத்தவரான அந்தப் பிரபுக்கள் பேசியது பிரெஞ்சு, வேலைக்காரர்கள் ஆங்கிலம், பாதிரியாரின் எழுத்து லத்தீன். பிரெஞ்சில் மரியாதைக்கு ஒரு சொல், நெருக்கத்துக்கு ஒரு சொல் உண்டு, தமிழிலும் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்த வசதி இல்லை. அவள் அவனை "நீங்கள்" என்றும், அவன் அவளை "சீமாட்டி, தாங்கள்" என்றும் தொடங்கட்டும். முதல் "நீ" யார் வாயிலிருந்து, எந்தப் பக்கத்தில் வருகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பாதிக்கு மேல் வருவது நல்லது, அதுவும் கோபத்தில் வாய்தவறி வந்தால் இன்னும் நல்லது. பிறகு இருவரும் மறுபடி "நீங்கள்" என்று பேச வேண்டிய சபைக் காட்சி ஒன்றை அடுத்தே வையுங்கள்.

பழைய சரித்திரத் தொடர்கதைகளின் செந்தமிழ் நடையை முழுதாக எடுக்காதீர்கள். "அன்பரே, ஆரணங்கே" என்று ஆரம்பித்தால் நார்மன் கோட்டை கரைந்து நம்மூர் அரண்மனை வந்துவிடும்.

7. சரிபார்க்க

எழுதி முடித்தபின் இவற்றைத் தேடி எடுத்துவிடுங்கள். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் எதுவும் அன்று ஐரோப்பாவில் இல்லை. மிளகு உண்டு, விலை அதிகம். மணிக்கூண்டு அடிக்காது, இயந்திரக் கடிகாரம் வந்தது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். நேரத்தைத் தேவாலய மணியால் சொல்லுங்கள். நடுவில் தடுப்பு வைத்த ஈட்டிப் போட்டி 15ஆம் நூற்றாண்டு வழக்கம். 1194இல் டோர்னமென்ட் என்றால் வயல்வெளியில் இரு படைகள் மோதும் களேபரம். அந்த ஆண்டு ரிச்சர்ட் ஐந்து இடங்களில் மட்டும் அதற்கு அனுமதி கொடுத்துக் கட்டணமும் வைத்தார்: ஏர்ல் 20 மார்க், பாரன் 10, நிலமுள்ள நைட் 4, நிலமில்லாதவன் 2. உங்கள் நாயகன் அந்த 2 மார்க்கை, அதாவது 320 பென்னியை, எங்கிருந்து கொண்டுவருகிறான் என்பதே ஓர் அத்தியாயம்.

வாள் ஒன்றேகால் கிலோவையொட்டித்தான் இருக்கும், இரு கையால் திணறித் தூக்க வேண்டாம். நைட்டைக் குதிரைமேல் ஏற்றப் பளுதூக்கி வேண்டாம். கற்புப் பூட்டும், மணப்பெண்ணின் முதலிரவு பிரபுவுக்கு என்ற கதையும் பிற்காலக் கட்டுக்கதைகள். குதிரைக்கும் களைப்பு உண்டு: அதே குதிரையில் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் நல்ல பயணம், சாமான் வண்டியோடு போனால் அதில் பாதி.

8. முதல் அத்தியாயத்தின் அளவு

மொத்தம் 1,500 சொல் போதும். முதல் 300 சொல்லுக்குள் மழையில் நனைந்த அவன் கோட்டை வாயிலுக்கு வந்துவிட வேண்டும். அவள் எதற்காகக் காவலில் இருக்கிறாள் என்பதை வாயிற்காவலன் சொல்லும் ஒரு வரியில் கொடுத்துவிடுங்கள். கவசக் காட்சிக்கு 800. நடுவே அவள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "என்னைக் காக்க வந்தீர்களா, எண்ண வந்தீர்களா?" அவன் குனிந்திருக்கும்போது கேட்கட்டும், முகம் தெரியாது. மீதி 400 சொல்லில் சட்டை தரையில் விழுகிறது, அவன் நிமிர்கிறான், கூடத்திலிருந்து யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள். அவன் பதிலை இரண்டாம் அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவள் போன பிறகு அவன் மெத்தைச் சட்டையின் தோளில் ஒட்டியிருக்கும் நீண்ட முடி தன்னுடையது இல்லை என்று பார்க்கிறான். அங்கே நிறுத்துங்கள்.