கோப்பின் தேதி மாறிவிட்டதா? கை வைக்காதீர்கள்

"நான் எதையுமே தொடவில்லை, ஆனால் எல்லாக் கோப்புகளும் இன்றைய தேதியைக் காட்டுகின்றன." போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் இப்படி வந்து நின்றான். கோடின் மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் 'கிட்' கருவியின் ரெப்போவை (திட்டக் களஞ்சியத்தை) அப்போதுதான் குளோன் செய்திருந்தான், அதாவது தன் கணினிக்கு நகலெடுத்திருந்தான். அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது எனக்குத் தெரியும். அதே குழியில் விழுந்து எழுந்தவன் நான். கோப்பின் தேதி விஷயத்தில் நடக்கும் தவறுகள்தான் கீழே இருப்பவை.

பழைய தேதியைக் கிட்டில் தேடுவது

கிட் கோப்பின் பெயரையும் உள்ளடக்கத்தையும் வைத்திருக்கும். அதை இயக்கலாமா கூடாதா என்ற அனுமதியும் உண்டு. கடைசியாக மாறிய நேரம் மட்டும் கிடையாது. தேதி இருப்பது கமிட்டுக்குத்தான், அதாவது மாற்றங்களைக் கிட்டில் பதியும் ஒவ்வொரு பதிவுக்கும். செக்கவுட் செய்யும்போது, அதாவது கிட்டிலிருந்து கோப்புகளை வெளியே எடுக்கும்போது, கோப்பு எந்த நொடியில் வட்டில் எழுதப்படுகிறதோ, அதுவே அதன் நேரம். எப்போது மாறியது என்று தெரிய வேண்டுமா? கமிட் வரலாற்றைக் காட்டும் 'கிட் லாக்'கைக் கேளுங்கள்.

தேதியைப் பின்னுக்குத் தள்ளுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். கமிட் நேரத்தையே கோப்புக்கும் போட்டுவிட்டால் அழகாக இருக்குமே என்று, செக்கவுட் முடிந்ததும் தானாக ஓடும் ஒரு ஹூக்கை (சின்ன ஸ்கிரிப்டை) நானே எழுதினேன். பெருமையாக நாலு பேருக்குக் காட்டவும் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு பிராஞ்சில் (கோடின் தனிக் கிளையில்), பல கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் ஹெடர் கோப்பிலுள்ள ஸ்ட்ரக்ட்டில் (தரவுக் கட்டமைப்பில்) ஒரு ஃபீல்டு சேர்த்துக் கமிட் செய்தேன். புதன்கிழமை மெயின் பிராஞ்சில் முழு பில்ட். வியாழக்கிழமை பழைய பிராஞ்சுக்குத் திரும்பினேன். ஹூக் தன் கடமையைச் செய்தது: ஹெடருக்குச் செவ்வாய்க்கிழமைத் தேதி. கம்பைல் ஆகி வந்த ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கோ புதன்கிழமை. பில்டை நடத்தும் 'மேக்' கருவி பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், மூலக்கோப்பு ஆப்ஜெக்ட்டைவிடப் புதியதா என்று. இங்கே பழையது. சரி, வேலை இல்லை என்று விட்டுவிட்டது.

நான் அன்று திருத்திய ஒரு கோப்பு மட்டும் புது ஹெடரோடு கம்பைல் ஆனது. மற்றவை பழைய ஸ்ட்ரக்ட் அளவிலேயே இருந்தன. இரண்டும் ஒரே நிரலாக லிங்க் ஆகின, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஓடவிட்டால் எண்கள் குப்பையாக வந்தன, சில சமயம் கிராஷ். இரண்டு நாள் டீபக்கரோடு மல்லுக்கட்டினேன், கம்பைலரையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை அழிக்கும் 'மேக் கிளீன்' கொடுத்து மறுபடி பில்ட் செய்ததும் நோய் பறந்துபோனது.

கிட் 'இப்போது' என்ற நேரத்தைப் போடுவது குறை அல்ல, பாதுகாப்பு. பிராஞ்ச் மாறும்போது உள்ளடக்கம் மாறிய கோப்புகளை மட்டுமே அது மறுபடி எழுதுகிறது. அதனால் அவை புதிதாகி, 'மேக்' அவற்றைச் சரியாகப் பிடித்துக்கொள்கிறது. தேவையில்லாமல் கொஞ்சம் கம்பைல் ஆகலாம். தப்பான பில்டுக்கு அது எவ்வளவோ மேல். வெளியீட்டுக்கு மூட்டை கட்டும்போது கமிட் நேரம் வேண்டுமென்றால் 'கிட் ஆர்க்கைவ்' அதையே போட்டுத் தரும். அந்த மூட்டையில் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் இருக்காது, ஆகவே ஆபத்தும் இல்லை.

ஆர்சிங்க்கில் நேரத்தை விட்டுவிடுவது

கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் இயல்பாக அளவையும் நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும். நேரத்தைக் காக்கும் 'டைம்ஸ்' தேர்வு இல்லாமல் அனுப்பினால் மறுமுனையில் நகல் எடுத்த நேரமே பதிவாகும். அடுத்த முறை நேரம் ஒத்துப்போகாது. மாறாத கோப்புகளையும் மறுபடி தூக்கிக்கொண்டு ஓடும். 'ஆர்க்கைவ்' தேர்வைப் போட்டால் இதுவும் சேர்ந்தே வரும். இருபுறமும் குளோன் செய்த ரெப்போ என்றால் நேரம் பொருந்தவே வாய்ப்பில்லை. அங்கே உள்ளடக்கத்தையே ஒப்பிடும் 'செக்சம்' தேர்வு, மெதுவாகத்தான் போகும்.

தானாக உருவாகும் கோப்புகளைக் கமிட் செய்வது

பில்டுக்கான 'கான்ஃபிகர்' மாதிரி கோப்புகளை உருவாக்கித் தரும் ஆட்டோடூல்ஸ் கருவிகளோடு வேலை செய்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். குளோன் ஆனதும் எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசை குலையும். 'மேக்' அந்த 'கான்ஃபிகர்' கோப்பைத் திரும்ப உருவாக்கக் கிளம்பி, அதற்கான கருவி இல்லை என்று பில்ட் விழும்.

எல்லாவற்றுக்கும் ஒரு 'டச்'

கோப்பின் நேரத்தை 'இப்போது' என்று மாற்றும் கட்டளை இது. வேண்டாம். முழு பில்டுதான் மிச்சம்.

கடிகாரம்

'கிளாக் ஸ்க்யூ' (கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை) என்று 'மேக்' சொன்னால் கோப்புகளை விட்டுவிட்டு, கோப்பு இருக்கும் கணினி, பில்ட் ஓடும் கணினி இரண்டின் நேரத்தையும் பாருங்கள்.

பென்டிரைவ்

பென்டிரைவ்களில் காணப்படும் ஃபேட்32 வட்டு வடிவம் நேரத்தை 2 நொடிக் கணக்கில்தான் பதியும். ஆர்சிங்க்கில் எத்தனை நொடி வித்தியாசத்தைப் பொறுக்கலாம் என்று சொல்லும் 'மாடிஃபை விண்டோ'வை 1 என்று வையுங்கள்.