தென்னந்தோப்பில் ஒரு பிரீமியம் கணக்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "அண்ணா, ஆக்சுவேரியல் சயின்ஸ்ல என்னதான் படிக்கணும்?" வரப்போகும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் காப்பீட்டுக்குப் பிரீமியம் வைக்கச் சொல்லித்தரும் படிப்பு அது. ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, ஒரு தென்னை மரத்தைக் காப்பீடு செய்ய வருஷத்துக்கு எவ்வளவு பிரீமியம் வாங்க வேண்டும் என்ற இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: எண்ணுங்கள்

"போன வருஷம் எத்தனை மரம் போச்சு?" என்று தோப்புக்காரரிடம் கேட்டால், "நெறையப் போச்சு" என்பார். நிறைய என்பது கணக்குக்கு ஆகாது. வரப்போரமாக நடந்து, பட்டுப்போன மொட்டை மரங்களை நீங்களே எண்ணுங்கள். எந்த வருஷம் பட்டது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை மூன்று வருஷத்து மொட்டைகளையும் ஒரே வருஷத்தில் சேர்த்துவிட்டேன். பிரீமியம் யானை விலைக்குப் போய்விட்டது.

ஒரு வருஷத்தில் 2,500 மரத்தில் 15 போனது என்று வைத்துக்கொள்வோம். 15-ஐ 2,500-ஆல் வகுத்தால் 0.006.

படி 2: பணமாக்குங்கள்

தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டத்தில் 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு 1,750 ரூபாய் இழப்பீடு, 14 ரூபாய் பிரீமியம் என்று வைத்திருந்தார்கள். நம் கணக்கில் 0.006 × 1,750 = 10.50 ரூபாய். இது வெறும் நஷ்டத்துக்கான காசு.

படி 3: செலவைச் சேருங்கள்

ஆள் கூலி, கமிஷன், பார்வையிடும் செலவு எல்லாம் பிரீமியத்தில் 25 சதவீதம் என்று நாமாக வைப்போம். இங்கேதான் எல்லோரும் சறுக்குவார்கள். 10.50-இல் கால் பங்கைக் கூட்டி 13.13 என்று எழுதிவிடுவார்கள். செலவு மொத்தப் பிரீமியத்தில் கால் பங்கு, அப்படியானால் 10.50 என்பது மீதி முக்கால் பங்கு. 10.50-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும்: 14 ரூபாய். திட்டத்தின் தொகையோடு ஒத்துப்போவது, எண்களை நான் அப்படி எடுத்ததால்தான்!

படி 4: ஆடுமா என்று பாருங்கள்

100 மரத்துக்குச் சராசரி நஷ்டம் 0.6 மரம், திட்ட விலக்கம் (standard deviation, அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு) சுமார் 0.77. சராசரியைவிட ஆட்டம் பெரியது. இதை நம்பிக் கடை திறக்க முடியாது. 10,000 மரம் என்றால் சராசரி 60, விலக்கம் சுமார் 7.7 மட்டும். மரம் கூடக் கூட ஆட்டம் அடங்குகிறது.

ஆனால் ஒவ்வொரு மரமும் தன்பாட்டில் விழுந்தால்தான் இது சரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரு மரத்தை மட்டும் பார்த்தா அடிக்கும்? பக்கத்துத் தோப்பும் சேர்ந்தே சாயும். தென்னையைத் துளைக்கும் கூன்வண்டும் அப்படித்தான், ஒன்றில் ஏறினால் அடுத்ததற்கும் போகும். 10,000 மரமும் ஒரே பஞ்சாயத்தில் இருந்தால் மேலே போட்ட 7.7-ஐ அடித்துவிடுங்கள். இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

படி 5: பிடித்திருந்தால்

பி.எஸ்சி. பட்டம் மட்டும் உங்களை ஆக்சுவரி, அதாவது இந்தக் கணக்கைத் தொழிலாகப் போடுபவர், ஆக்காது. இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் ஏசிஇடி (ACET) நுழைவுத் தேர்வில் தேறி, மாணவர் உறுப்பினராகச் சேர்ந்து, தாள் தாளாக எழுத வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களே நுழைவுத் தேர்வு எழுதலாம். படி 4-இல் பார்த்தது சிஎஸ்1 (CS1) என்ற புள்ளியியல் தாளில் வரும். கணிதம் வராது என்றால், கோயம்புத்தூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு தடவை யோசியுங்கள்.