லீவுல இன்டர்ன்ஷிப்புக்கு பெரிய சிட்டிக்கு போறீங்களா? ரூம் தேடுறது எப்படி, முதல்ல இருந்து

ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷம் ரெண்டு நாள்தான், மூணாவது நாள் வீட்ல "சரி, எங்க தங்கப்போற?"ன்னு கேட்கும்போது வயித்தைக் கலக்க ஆரம்பிச்சிடும். ஏன்னா நமக்கு வேண்டியது 10, 12 வாரத்துக்கு ஒரு ரூம், வீட்டுக்காரங்க எதிர்பார்க்கிறது வருஷக்கணக்குல இருக்கிற ஆளு. நான் ரெண்டு தடவை இப்படி போய் தங்கியிருக்கேன், அதுல புரிஞ்சதை சொல்றேன். நீங்க வீடு தேடாதீங்க, ஆளைத் தேடுங்க. நீங்க அந்த ஊருக்குள்ள போற அதே லீவுலதான் அங்க படிக்கிற பசங்க சொந்த ஊருக்கு கிளம்புறாங்க, அவங்க ரூம் பூட்டியே கிடக்கும், ஆனா வாடகை ஓடிட்டே இருக்கும், யாராவது வந்து தங்கி அந்த வாடகையைக் கட்டினா போதும்னு இருப்பாங்க.

ஸ்டெப் 1: தேதியும் ஆபீஸ் அட்ரஸும்

ஜாயினிங் தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி, கடைசி நாளுக்கு ரெண்டு நாள் பின்னாடி, இதுதான் நீங்க தங்கப்போற காலம். அப்புறம் ஹெச்ஆருக்கு ஒரு மெயில். எந்த பில்டிங்ல வேலை (பெரிய கம்பெனிக்கு ஒரே ஊர்ல நாலு ஆபீஸ் இருக்கும், தப்பான பக்கம் ரூம் எடுத்துட்டா அவ்ளோதான்), வாரத்துல எத்தனை நாள் நேர்ல வரணும், தங்குறதுக்கு தனியா காசு தருவீங்களா, தந்தா முன்கூட்டியே வருமா இல்ல முதல் சம்பளத்தோடயா. கூடவே மத்த இன்டர்ன்களுக்கு குரூப் இருக்கான்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க, எல்லாரும் கேக்குற கேள்விதான்.

ஸ்டெப் 2: தூரத்தை நிமிஷத்துல பாருங்க

மேப்ல பக்கமா தெரியும், ஆனா நடுவுல ரெண்டு வண்டி மாறணும். கூகுள் மேப்ஸ்ல பஸ், ரயில் ரூட் போட்டு, திங்கக்கிழமை காலைல 9 மணிக்கு போய் சேரணும்னு நேரம் செட் பண்ணிப் பாருங்க, ராத்திரி 11 மணிக்கு தேடினா வர்ற கணக்கு வேற. வாடகை கொஞ்சம் கம்மின்னு 20 நிமிஷம் தள்ளிப் போனீங்கன்னா, போக வர 40, வாரம் 5 நாள், 10 வாரத்துக்கு 2000 நிமிஷம், அதாவது 33 மணி நேரம் வண்டியிலயே போயிடும். அதுக்கப்புறமும் லாபமா தெரிஞ்சா எடுங்க.

ஸ்டெப் 3: எங்க தேடுறது

அந்த ஊர் யுனிவர்சிட்டிகள்ல விசாரிங்க. லீவுல ஹாஸ்டல் காலியாகுறதால வெளி இன்டர்ன்களுக்கு ரூம் விடுறவங்க உண்டு. சீக்கிரம் நிரம்பிடும், அதனால ஆஃபர் வந்த வாரமே அப்ளை பண்ணிடுங்க. சாப்பாடும் பெட்ஷீட்டும் சேர்த்தியான்னு கேட்டுக்குங்க.

அது கிடைக்கலன்னா சப்லெட், அதாவது லீவுக்கு ஊருக்குப் போறவங்க வாடகைக்கு எடுத்திருக்கிற ரூமை அந்த நாளுக்கு மட்டும் நாம எடுத்துக்குறது. உங்க காலேஜ் சீனியர் யாராவது அந்த ஊர்ல இருப்பாங்க, அவங்க மூலமா ஸ்டூடண்ட் குரூப்ல ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க. "ரூம் இருக்கா"ன்னு மட்டும் போட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. யாரு, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், எந்த ஏரியா பக்கம் வேலை, எவ்வளவு வரைக்கும் கட்ட முடியும், இவ்வளவும் நாலு வரில இருந்தா அன்னைக்கே பதில் வரும்.

ஸ்டெப் 4: பாக்காம பணம் அனுப்பாதீங்க

இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. எனக்கு ஒரு விளம்பரம் வந்துச்சு, பெரிய ஜன்னல், வெள்ளை சோபா, வாடகை மட்டும் சுத்துவட்டாரத்துல பாதி. வீடியோ கால் கேட்டா "நான் வெளிநாட்டுல இருக்கேன், டெபாசிட் போடுங்க, சாவி கூரியர்ல வரும்"னு பதில். அந்த போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாத்தேன், அதே சோபா, அதே ஜன்னல், வேற ஒரு ஊர் ஹோட்டல் விளம்பரத்துல இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல, பணம் அனுப்ப ஒரு பட்டனைத்தான் அமுக்க வேண்டியிருந்துச்சு.

அதனால வீடியோ கால்ல தெருவுல இருந்து ஆரம்பிச்சு, வாசல், படிக்கட்டு, ரூம் வரைக்கும் கட் பண்ணாம நடந்து காட்டச் சொல்லுங்க. குழாயைத் திறக்கச் சொல்லுங்க. கதவுக்குப் பூட்டு இருக்கான்னு பாருங்க, ஜன்னலை மூடினா வண்டி சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு ஒரு நிமிஷம் பேசாம கேளுங்க. அங்கயே தங்கப்போற ரூம்மேட்கிட்டயும் பேசிடுங்க. கிஃப்ட் கார்டுலயோ கிரிப்டோலயோ பணம் கேக்குறது, இன்னும் ஒரு மணி நேரத்துல அனுப்பணும்னு அவசரம், இதுல எது வந்தாலும் அதோட விட்டுடுங்க.

ஒண்ணும் அமையலன்னா பதறாதீங்க, முதல் நாலஞ்சு நாளுக்கு ஒரு லாட்ஜோ டார்மிட்டரியோ போட்டுட்டு நேர்ல போய் பாத்து முடிவு பண்ணலாம்.

ஸ்டெப் 5: எழுத்துல வாங்குங்க

சப்லெட் விட ஹவுஸ் ஓனர் சம்மதம் இருக்கான்னு எழுத்துல கேளுங்க, ஒரு மெயில் போதும். ஓனருக்குத் தெரியாம தங்கினா அவர் வந்து நிக்கிற அன்னைக்கு வெளிய போறது நீங்கதான், பணம் கொடுத்ததெல்லாம் அப்போ பேச்சுக்கே வராது. அக்ரிமென்ட் ஒரு பக்கம் இருந்தா போதும். ரெண்டு பேர் பேரு, தேதி, வாடகை, டெபாசிட் எவ்வளவு, எப்போ திரும்ப வரும், கரண்ட், தண்ணி, இன்டர்நெட் பில் யாரு கட்டுறது. பணத்தை பேங்க் வழியா அனுப்புங்க, கையில கொடுத்தா ரசீது வாங்குங்க.

ஸ்டெப் 6: பெட்டியைத் திறக்குறதுக்கு முன்னாடி

உள்ள போன உடனே போனை எடுத்து சுவர், மெத்தை, அலமாரி, பாத்ரூம் எல்லாத்தையும் வீடியோ எடுங்க, மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. அன்னைக்கே ரூம்காரருக்கு அனுப்பிடுங்க. நான் ரெண்டாவது தடவை போனப்போ மேஜை டிராயர்ல கைப்பிடி பாதி கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு, அதை கிட்டக்க போய் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டு வெச்சேன். காலி பண்ற அன்னைக்கு எனக்கு ரூம் விட்ட தம்பி டிராயரைப் பாத்துட்டு "இது எப்படி உடைஞ்சுது"ன்னு கேட்டாரு. மேல ஸ்க்ரோல் பண்ணி முதல் நாள் போட்டோவைக் காட்டினேன். "ஆமா அண்ணா, மறந்தே போயிட்டேன்"னு சொல்லிட்டு, சாவியை வாங்கிக்கிட்டு அங்கயே நின்னு டெபாசிட்டை முழுசா அனுப்பினாரு.