எரியும் டாங்கியைப் பார்த்துப் போரைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவத்தில் சேர விரும்பும் இளைஞர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊருக்கு நான்கு பேராவது இருப்பார்கள். விடிவதற்கு முன்பே பள்ளி மைதானத்தில் ஓடிப் பழகும் அவர்களில் சிலருக்குப் பாலக்கோட்டில் மாலை நேரத்தில் பொது அறிவு வகுப்பு எடுத்துவருகிறேன். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததிலிருந்து, வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் கைபேசியை நீட்டி, டாங்கி ஒன்று எரியும் காணொளியைக் காட்டி, "சார், இனிமே டாங்கியெல்லாம் வேஸ்ட்தானே?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேள்வியில் தவறில்லை. அந்தக் காணொளியிலிருந்து விடைக்குத் தாவும் வழியில்தான் தவறுகள் இருக்கின்றன.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் செய்திகளில் டாங்கியையும் பீரங்கியையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள். போதாக்குறைக்கு, சங்கிலிப் பட்டையில் ஓடும் எந்த ராணுவ வண்டியும் டாங்கியாகிவிடுகிறது. தடித்த கவசமும் பெரிய துப்பாக்கியும் கொண்டு, எதிரியின் கண்ணெதிரே நின்று சண்டையிடுவது டாங்கி. பின்னால் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து குண்டு வீசும் பீரங்கியையும் சங்கிலிப் பட்டை மீது ஏற்றியிருப்பார்கள். அதற்குக் கவசம் மெல்லியது. காலாட்படையினரை ஏற்றிச் செல்லும் பிஎம்பி போன்ற வண்டிகள் இயந்திரத் துப்பாக்கிச் சூட்டைத் தாங்கவே செய்யப்பட்டவை. பிஎம்பி ஒன்று எரிவதைப் பார்த்துவிட்டு டாங்கியின் கவசத்தைப் பழிப்பது, மினி லாரி கவிழ்ந்ததற்கு டாரஸ் லாரியைக் குறை சொல்வதற்கு ஒப்பாகும்.

அடுத்த தவறு, காணொளியையே போர் என்று எண்ணிவிடுவது. நாம் பார்ப்பது, தாக்கியவர் வெளியிடத் தேர்ந்தெடுத்த சில நொடிகள் மட்டுமே. குறி தவறிய ட்ரோன், மின்காந்த இடையூறால் வயலில் விழுந்த ட்ரோன் ஆகியவற்றின் படத்தை வெளியிட்டுப் பெருமைப்பட யாருக்கும் காரணம் இல்லை. மேலும், கண்ணிவெடியில் சங்கிலிப் பட்டை அறுந்து டாங்கி நின்றிருக்கலாம்; உள்ளே இருந்தவர்கள் இறங்கித் தப்பியிருக்கலாம்; ஒரு நாள் கழித்து, திறந்து கிடந்த மேல்மூடி வழியாக ஒரு சிறு ட்ரோன் குண்டைப் போட்டிருக்கலாம். படத்தில் பெயர் வாங்குவது ட்ரோன், ஆனால் டாங்கியை நிறுத்தியது கண்ணிவெடி. அந்த வயலைத் துப்புரவு செய்யாமல் டாங்கியை அனுப்பியது ஒரு மனிதர் என்பதோ படத்தில் வருவதே இல்லை.

டாங்கியின் துப்பாக்கி பொருந்திய சுழல் மேற்பகுதி பிய்ந்து வானத்தில் பறக்கும் காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டி-72 டாங்கி ரெஜிமென்ட்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஒருநாள் டீக்கடையில் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து, அதன் விளிம்பைச் சுற்றி மசால்வடைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் தம்ளரைக் கவிழ்த்தார். "தம்பி, தம்ளர்தான் நாங்க உக்கார்ற இடம். வடையெல்லாம் குண்டும் மருந்தும். எங்க காலுக்குக் கீழே இருக்கும்" என்றார். டி-72இல் தரைமட்டத்தில் சுழலும் அந்த வட்டத் தட்டில் 22 குண்டுகள் இருக்கும்; இயந்திரமே எடுத்துத் துப்பாக்கியில் திணிக்கும். மீதிக் குண்டுகளை அங்கங்கே இடுக்கில் செருகியிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் ஏவுகணை பக்கவாட்டையோ கூரையையோ துளைத்து அந்த மருந்தைத் தொட்டுவிட்டால், உள்ளே இருக்கும் மூவருக்கும் தப்ப நேரமிருக்காது.

இதை வைத்து "ரஷ்யத் தயாரிப்பே மட்டம்" என்று முடிவுகட்டுவதுதான் பலர் செய்யும் பிழை. குண்டு திணிப்பவர் தேவையில்லை என்பதால் ஆட்கள் மூவராகக் குறைந்தனர். அதனால் வண்டி தாழ்வாகவும், 60 டன்னைத் தாண்டும் மேற்கத்திய டாங்கிகளுக்கு எதிரே 45 டன் அளவிலும் அமைந்தது. சிறு பாலங்களைக் கடந்தது. மலிவாகப் பல்லாயிரம் செய்ய முடிந்தது. அந்த வசதிக்குக் கொடுத்த விலைதான் காலடியில் இருக்கும் வெடிமருந்து. ஜெர்மனியின் லெப்பர்டு-2 டாங்கியிலும் குண்டுகளில் ஒரு பகுதி ஓட்டுநருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2016 டிசம்பரில் சிரியாவின் அல்-பாப் நகரருகே துருக்கி அதை இழந்தபோது, அதன் மேற்பகுதியும் பிய்ந்து கிடந்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தலைநகர் கீவைக் காத்த உக்ரைனியர்களின் கையில் இருந்ததும் அதே சோவியத் வம்சத்து டி-64, டி-72 டாங்கிகளே. ஒரே குடும்பத்து வண்டி இரு பக்கமும் நின்றிருக்க, ஒரு பக்கம் மட்டும் பின்வாங்கியது என்றால், காரணத்தை இரும்பில் தேடிப் பயனில்லை. ஆவடியில் உருவான டி-72களை நம் படையும் வைத்திருப்பதால், இது நமக்கு வேடிக்கைச் செய்தி அல்ல.

காரணம் எங்கே இருந்தது? 2022 மார்ச் 10 அன்று கீவுக்குக் கிழக்கே ப்ரோவரி அருகே வந்த ரஷ்ய டாங்கி அணியின் படத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன; இருபுறமும் வீடுகள், மரங்கள். அந்த வீடுகளையும் தோப்புகளையும் சோதிக்க வேண்டியது கீழே இறங்கி நடக்கும் காலாட்படை. ரஷ்யா அப்போது நம்பியிருந்த பட்டாலியன் அளவிலான போர்க் குழுவில் 600 முதல் 800 பேர் வரை, ஏறத்தாழ 10 டாங்கிகள், 40 அளவில் கவச வண்டிகள் இருக்கும். வண்டி ஓட்டவும் துப்பாக்கி இயக்கவும் பராமரிக்கவும் ஆட்கள் போன பிறகு, நடப்பதற்கு மிஞ்சியவர்கள் சொற்பமே. 1994 டிசம்பர் 31 அன்று செச்னியாவின் க்ரோஸ்னி நகருக்குள் நுழைந்த ரஷ்யாவின் மைக்கோப் படைப்பிரிவு ரயில் நிலையத்தருகே சூழப்பட்டு அழிந்ததும், 1973 அக்டோபர் 8 அன்று சினாய் பாலைவனத்தில் காலாட்படையும் பீரங்கி ஆதரவும் போதாமல் பாய்ந்த இஸ்ரேலிய டாங்கிகள் தோளில் வைத்துச் சுடும் ராக்கெட்டுகளுக்கும் கம்பியில் வழிகாட்டப்படும் ஏவுகணைகளுக்கும் இரையானதும் இதே பிசகால்தான்.

நம் நாட்டு உதாரணம் இதைவிடத் தெளிவானது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் பாகிஸ்தானின் 1ஆம் கவசப் பிரிவு பாட்டன் டாங்கிகளுடன் உள்ளே வந்தது. பெயரைக் கேட்டால் நமக்குத் தாத்தா நினைவு வந்தாலும், நம்மிடம் இருந்த ஷெர்மன்களை விட அது புதியது, வலியது. இந்தியப் படை அசல் உத்தர் கிராமத்தைச் சுற்றி லாடம் போல வளைந்து நின்று, கால்வாய் நீரை வயல்களில் திறந்துவிட்டு, ஆளுயரக் கரும்புக்குள் காத்திருந்தது. சேற்றில் வேகம் இழந்த பாட்டன்கள் பக்கவாட்டைக் காட்டியபோது நம் சென்சூரியன் டாங்கிகளும், ஜீப் மேல் பொருத்திய பின்னுதைப்பற்ற துப்பாக்கிகளும் சுட்டன. அப்படியொரு ஜீப்பில் இருந்து அடுத்தடுத்து டாங்கிகளை வீழ்த்தி உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. பாகிஸ்தான் அங்கே இழந்தவை ஏறத்தாழ 97 டாங்கிகள். பாட்டன் மோசமான டாங்கி என்று இதைப் படித்தால், நாம் வென்ற விதத்தையே படிக்காமல் விட்டவர்களாவோம்.

எரிபொருள், உணவு, குண்டு ஆகியவற்றின் வழங்கலை மறப்பது அடுத்த பெரிய தவறு. கீவுக்கு வடக்கே ஏறத்தாழ 64 கிலோமீட்டர் நீளத்துக்கு ரஷ்ய வண்டிகள் தேங்கி நின்றதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. கைவிடப்பட்ட கவச வண்டிகளை உக்ரைன் விவசாயிகள் டிராக்டரில் கட்டி இழுத்துப்போன படங்களைப் பார்த்து என் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மழைக்காலத்தில் கழனியில் புதைந்த டிராக்டரை எடுக்க இன்னொரு டிராக்டர் தேடி அலைந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. கணக்கு எளிது. ஒரு டி-72இன் தொட்டிகள் சுமார் 1,200 லிட்டர் டீசல் பிடிக்கும். பத்து டாங்கிகளுக்கு ஒருமுறை நிரப்ப, நம் பெட்ரோல் பங்குக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று காலியாகிவிடும். அந்த லாரிக்குக் கவசம் கிடையாது. சேற்று வயலில் இறங்கவும் முடியாது. ஆகவே, சாலையை விட்டால் வழியில்லை. அந்தச் சாலையில் ஒரு பாலத்தைத் தகர்த்தால் போதும்.

இதை உணர உக்ரைன் வரை போக வேண்டியதில்லை, ராயக்கோட்டை மலை ஏறினால் போதும். 1791 மே மாதம், திப்பு சுல்தானுடன் போரிட்ட ஆங்கிலேயக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், பெங்களூரைப் பிடித்த கையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனார். அரக்கெரேயில் களத்தையும் வென்றார். ஆனால், இழுவை மாடுகள் செத்து விழுந்தன, தானியம் தீர்ந்தது. கோட்டையை இடிக்கக் கொண்டுபோன பெரும் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுத் திரும்பினார். அடுத்து அவர் செய்த வேலை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கியதாக இல்லை. ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்து, அன்று கர்நாடகம் எனப்பட்ட கிழக்குச் சமவெளியிலிருந்து பாலக்காட்டுக் கணவாயல்ல, நம் பாலக்கோட்டுக் கணவாய் வழியாக அரிசியும் மாடுகளும் தடையின்றி மேலே வரும்படி செய்தார். மறு ஆண்டு அவர் மீண்டும் படையெடுத்தபோது மாடுகள் சாகவில்லை. 1792 உடன்படிக்கையில், இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதியான பாராமகால் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. மலைக்கோட்டையில் நின்று கீழே போகும் சாலையைப் பார்க்கும் எவருக்கும், அந்த இடத்தை ஏன் பிடித்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இனி, முதலில் சொன்ன தவறுகளைத் தவிர்த்தவர்களும் தடுக்கி விழும் இடம். கீவில் தோற்ற படையைப் பார்த்து, "இவர்களுக்குப் போரே தெரியாது" என்று உலகமே சிரித்தது. திட்டம் கடைசிவரை மறைக்கப்பட்டதால் பல வீரர்களுக்குப் போருக்குப் போகிறோம் என்பதே தெரியவில்லை. சூழ்நிலைக்கேற்ப முடிவெடுக்கப் பழகிய அனுபவமிக்க ஹவில்தார், சுபேதார் நிலையினர் அங்கே மிகக் குறைவு. அவை உண்மைதாம். ஆனால், திறமை என்பது ஒரு நாட்டின் பிறவிக் குணமல்ல. அது கூடும், குறையும். 2023 ஜூனில் ஓரிகிவ் நகருக்குத் தெற்கே உக்ரைன் தாக்கியபோது, ஆழமான கண்ணிவெடி வயல்களும், தொலைவிலிருந்து ஏவுகணை வீசும் ஹெலிகாப்டர்களும், பதுங்குகுழி வரிசைகளும் காத்திருந்தன. மேற்கிலிருந்து வந்த லெப்பர்டு-2 டாங்கிகளும் காலாட்படையை ஏற்றிச் செல்லும் பிராட்லி வண்டிகளும் ஒன்றன் பின் ஒன்றாகச் சிக்கி நின்ற படத்தை அப்போது எல்லோரும் பார்த்தோம். அந்த வண்டிகள் வந்தாலே போர் திரும்பிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள், முன்பு டி-72ஐப் பழித்த அதே பிழையைத் தலைகீழாகச் செய்திருந்தார்கள்.

ட்ரோன் பற்றிய கேள்வி மிஞ்சுகிறது. டாங்கிக்கு இரங்கற்பா 1973இலேயே எழுதிவிட்டார்கள். 2020இல் அஜர்பைஜானுக்கும் ஆர்மீனியாவுக்கும் இடையே 44 நாள் நடந்த கராபாக் போரில் மறுபடியும் எழுதினார்கள். இம்முறை, உக்ரைன் போரில், ஆபத்து உண்மையிலேயே பெரிது. முன்வரிசையை ஒட்டிய பல கிலோமீட்டர் அகலத்தில் எந்த வண்டியும் மறைந்து நிற்க முடிவதில்லை. டாங்கிகள் கம்பிக் கூண்டு மாட்டிக்கொண்டு, கூட்டமாகப் பாய்வதை விட்டு, மறைவிலிருந்து சுட்டுவிட்டு ஓடுகின்றன. இருந்தும் இரு தரப்பும் டாங்கிகளைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அதே ட்ரோன் நடந்துபோகும் வீரரையும் கொல்கிறது. அதனால் காலாட்படைக்குக் காலம் முடிந்தது என்று எவரும் சொல்வதில்லை. டாங்கியின் வேலை சுருங்கியிருக்கிறது, மாறியிருக்கிறது, இன்னும் ஒழியவில்லை என்பதே என் கணிப்பு.

இப்போது வகுப்பில் காணொளி காட்டினால், வெடிப்பதற்கு முந்தைய நொடியிலேயே நிறுத்திவிட்டு, தெரிவதை எண்ணி எழுதச் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு பையன் நோட்டில் எழுதியது: வண்டி ஒன்பது. சாலை ஒன்று. இடைவெளி இரண்டு பஸ் நீளம். புகைத்திரை இல்லை. கீழே இறங்கி நடக்கும் ஆள் ஒருவரும் இல்லை.