ஏற்காடு பஸ்ஸில் முதல் தடவை ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை காலை, சேலம் புது பஸ் ஸ்டாண்ட். ஏற்காடு பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, துண்டு, குழந்தையின் தண்ணீர் பாட்டில் எல்லாம் உள்ளே விழும். நாலைந்து கல்லூரிப் பையன்கள் பின்படியில் தொற்றி ஏறி, கடைசி நீள சீட்டைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் கூச்சல் போடுவார்கள். பத்தாவது வளைவு தாண்டும்போது அதே பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, "கவர் இருக்கா, கவர் இருக்கா" என்று முன்சீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இன்று மலைப் பஸ்ஸில் பழகிவிட்ட பலரும் ஒரு காலத்தில் அந்த சீட்டில் உட்கார்ந்து அந்தக் கவரைத் தேடியவர்கள்தான். பர்ஸைப் பத்திரமாக வை, டிக்கெட்டைத் தொலைக்காதே என்பதெல்லாம் எந்த பஸ்ஸுக்கும் பொது. இங்கே சொல்வது மலைக்கு மட்டும்.

பஸ் ஸ்டாண்டை மாற்றிக்கொள்வது

சேலத்தில் பஸ் ஸ்டாண்ட் இரண்டு. பழையது டவுன் பஸ்களுக்கு. ஏற்காட்டுக்கும் மற்ற வெளியூர்களுக்கும் மெய்யனூர் பக்கம் இருக்கும் புதியதுக்குப் போக வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் பெரும்பாலும் சூரமங்கலத்தில் உள்ள ஜங்ஷனில் இறங்குவார்கள். டவுன் ஸ்டேஷன் வேறு. ஆட்டோவிலோ டவுன் பஸ்ஸிலோ வெறுமனே "பஸ் ஸ்டாண்ட்" என்று சொல்லாமல் "புது பஸ் ஸ்டாண்ட்" என்று முழுசாகச் சொல்லுங்கள்.

கடைசி சீட்

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. தரையில் ஓடும் பஸ்ஸில் கடைசி சீட் கொஞ்சம் தூக்கிப்போடும், அவ்வளவுதான். மலையில் கதை வேறு.

பஸ்ஸின் பின்சக்கரத்தோடு வண்டி முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பின்னாலும் உடம்பு நீண்டிருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியில் 60 சதவீதம் வரை பின்னால் நீளலாம் என்பது மோட்டார் வாகன விதி. இடைவெளி 5 மீட்டர் என்றால் பின்னால் 3 மீட்டர் வரை போகலாம். கடைசி சீட் அந்த நீட்டலின் நுனியில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் டிரைவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன்பகுதி உள்ளே திரும்ப, பின்பகுதி எதிர்ப்பக்கம் வீசும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் சீசா பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தது போல அங்கேதான் அதிகம் தூக்கும். அடிவாரத்திலிருந்து மேலே போக இப்படி 20 வளைவுகள்.

குமட்டலுக்கு வயிறு மட்டும் காரணமில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "உடம்பு சுழல்கிறது" என்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையோ கையிலுள்ள போனையோ பார்த்துக்கொண்டு "எதுவும் அசையவில்லை" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் மூளை குழம்புகிறது. வளைவில் ரீல்ஸ் பார்க்கிறவருக்குத்தான் முதலில் வாயில் நீர் ஊறும்.

ஆகவே இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், மூன்றிலிருந்து ஐந்தாவது வரிசைக்குள் உட்காருங்கள். கண் முன்கண்ணாடி வழியாகத் தெரியும் ரோட்டில் இருக்கட்டும். ஜன்னலுக்காகச் சண்டை வேண்டாம். வளைவுக்கு வளைவு பள்ளம் இடமும் வலமுமாக மாறிக்கொண்டே வரும். மூன்று பேர் சீட்டின் நடைபாதை ஓரத்தில் இடம் கிடைத்தால், பஸ் வலது பக்கம் ஒடியும்போது நீங்கள் நடைபாதையில் விழுவீர்கள். சீட்டின் ரெக்ஸின் உறை வழுக்கும். முன்கம்பியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் அடுத்த சறுக்கல். பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் நாலு பூரி கிழங்கு, மேலே ஒரு காபி, அப்படியே ஓடிவந்து பஸ். எண்ணெய்ப் பலகாரம் வயிற்றில் நின்று மேலே வரும். புறப்பட ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது, அதுவும் புரட்டும். தட்டுவடை செட்டைத் திரும்பி வந்து ஆசை தீரச் சாப்பிடலாம். இஞ்சி மரப்பா ஒரு துண்டு வாயில் ஒதுக்கிக்கொண்டால் பலருக்கு அடங்குகிறது. மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு, புறப்பட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். பத்தாவது வளைவில் விழுங்கும் மாத்திரை அதோடு வெளியேதான் வரும்.

அதையும் மீறி வந்துவிட்டால்? இங்கேதான் கோபம் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறார்கள்! ஓடும் பஸ்ஸில் எடுக்கும் வாந்தி கீழே போகாது. காற்றில் திரும்பி, பின்சீட்டு ஜன்னலில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் முகத்தில் விழும். மலை ரோட்டில் எதிர்வண்டி ஒரு முழ இடைவெளியில் உரசிப்போகும். பாறையும் மரமும் அதைவிட நெருக்கம். வெளியே நீட்டிய தலைக்கு உயிரே விலையாகலாம். பாலிதீன் பைக்கு 2019 ஜனவரி முதல் தடை. எனவே வாய் அகன்ற, மூடி போட்ட ஒரு டப்பாவை மடியிலேயே வைத்திருங்கள். பைக்குள் புதைத்து வைத்த டப்பா சமயத்துக்குக் கைக்கு வராது. கண்டக்டரிடம் சொன்னால் அகலமான இடத்தில் விசில் அடித்து நிறுத்துவார். கொஞ்சம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வளைவில் நிறுத்த முடியாது.

குப்பனூர் வழி

மலைக்கு ரோடு இரண்டு. கோரிமேடு தாண்டி அடிவாரம் வழியாகப் போவது ஒன்று. குப்பனூர், கொட்டச்சேடு வழியாகச் சுற்றிப் போவது இன்னொன்று. பலகையில் "ஏற்காடு" என்ற பெயரை மட்டும் பார்த்து ஏறாமல், "அடிவாரம் வழிதானுங்களே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் ஏறும் வழியும் இறங்கும் வழியும் மாற்றி விடப்படுவது உண்டு. அப்போது அடிவாரத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பவர் குப்பனூரில் வந்து நிற்பார்.

படி

நிற்காதீர்கள்.

சில்லறை

பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதித் தந்தால், மேலே போய்ச் சேரும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். இறங்குகிற நெரிசலில் கேட்பது கண்டக்டருக்கும் கஷ்டம்.

காது அடைப்பு

பயம் வேண்டாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர்; ஏற்காடு 1,500 மீட்டர். ஒரு மணி நேரச் சொச்சத்தில் அவ்வளவு உயரம் ஏறுவதால் வெளியே காற்றழுத்தம் குறைகிறது. சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் இதனால்தான். எச்சிலை விழுங்கினால் காது திறக்கும். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். ஏறும்போதே ஏழெட்டு டிகிரி குளிர்ந்துவிடும், ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள்.

இறக்கம்

ஞாயிறு சாயங்காலம் ஏரிக்கரையில் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டுவதை விட்டுவிடுங்கள். அங்கே வரும்போதே வண்டி நிரம்பியிருக்கும். 20 வளைவும் நின்றபடிதான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கே நடந்துபோய், புறப்படுகிற இடத்தில் ஏறுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கியதுமே நேரக் காப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய பஸ்ஸைக் குறிவையுங்கள். இறங்கும்போது டிரைவர் சின்ன கியரிலேயே, இன்ஜின் உறும, மெதுவாக வருவார். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். "கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே, ரயிலுக்கு நேரமாச்சு" என்று அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது அடிவாரத்தைத் தாண்டும்படி புறப்படுங்கள்.